சாய்ந்த தென்னையும் சர்க்கார் கணக்கும்

தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றழைப்பது நம்மவர் வழக்கம். 2018ஆம் வருஷம் நவம்பர் 16ந் தேதி விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தாலுகாக்களில் அப்பிள்ளைகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போயிற்று. நெல் அழிந்தால் மறுபோகத்தை எதிர்பார்க்கலாம். நெட்டைத் தென்னையோ காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாகும்; வந்தபின் அறுபது வருஷம் குடும்பத்தைக் காக்கும். ஆகவே குடியானவன் அன்று இழந்தது ஒரு வருஷத்து மகசூலன்று; தன் மகனுக்கு வைத்திருந்த ஆஸ்தி.

மாநில சர்க்கார் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டு 1,92,500 ரூபாய் என விகிதம் வகுத்தது. போதாதுதான், எனினும் மரத்தை மரமாக எண்ணிய கணக்கு அது என்பதை நாம் மறுக்கவில்லை.

மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண விதியோ வேறு. அப்போது அமலிலிருந்த விதிப்படி, நெடுநாட் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதுவும் இரண்டு ஹெக்டேருக்கு மேல் இல்லை. 175 மரத்துக்கு வகுத்துப் பார்த்தால் மரம் ஒன்றுக்கு 103 ரூபாய்கூடத் தேறாது. 2022ல் இதனை 22,500 ஆக உயர்த்தினார்கள். அப்பொழுதும் 129 ரூபாயை எட்டவில்லை. விதிக்கு மேற்பட்டதெல்லாம் மாநிலப் பொக்கிஷத்தின் தலையில்தான் விழும். கஜாவுக்காக மாநிலம் கேட்டது சுமார் 15,000 கோடி. 2018 டிசம்பர் முடிவில் டில்லி ஒப்புக்கொண்டது 1,146 கோடியே 12 லட்சம். இது நிவாரணமேயன்றி நஷ்டஈடு அன்று என்பது டில்லியின் வாதம். சட்டம் பயின்ற நமக்கு இவ்விரு சொற்களின் பேதம் தெரியாததன்று. ஆனால் புயல் அந்தப் பேதத்தைப் பார்த்து வீசுவதில்லையே!

இவற்றினும் கசப்பான விஷயம் ஒன்றுண்டு. தொகை போய்ச் சேருவது பட்டாவும் சிட்டாவும் காட்டும் பெயருக்கு. பட்டாதார் பட்டணத்தில் இருக்கலாம். தண்ணீர் பாய்ச்சி உரமிட்டவன் வாய்வார்த்தைக் குத்தகைக்காரனாக இருக்கலாம். அவன் பெயரைப் பதிய 1969ஆம் வருஷத்திய குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் உண்டு. இருந்தும் பதிவுக்கு ஏன் தயங்குகிறார்கள்? 1955ஆம் வருஷத்திய பாதுகாப்புச் சட்டப்படி, பதிந்த குத்தகைதாரனை எளிதில் வெளியேற்ற முடியாது என்று நிலச் சொந்தக்காரர் அஞ்சுகிறார். பதியக் கேட்டால் அடுத்த வருஷம் நிலமே கிட்டாது என்று உழுகிறவன் அஞ்சுகிறான். இருவர் அச்சத்துக்கும் நடுவே சர்க்கார் ரூபாய் உழாதவர் கணக்கில் வரவாகிறது. மரமேறியும் மட்டை உரித்தும் பிழைத்தவருக்கோ, காட்டுவதற்குச் சிட்டாவே கிடையாது.

சாகுபடி செய்பவர் இன்னார் என்று அடங்கலில் எழுதவும், அவ்வெழுத்தை நிவாரணத்துக்கு மட்டும் சாட்சியமாகக் கொள்ளவும் சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தால், நிலச் சொந்தக்காரர் அஞ்ச இடமில்லை. கிராம நிர்வாக அதிகாரிகள் இவ்வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடிக்க வேண்டும்; மரம் சாய்ந்தபின் சாட்சி தேடுவது கூடாது.