கைப்பொருளுக்கு ஏற்ற முதற்பயணம்

நீங்கள் திருவாண்டார்கோயிலிலோ வில்லியனூரிலோ பாகூரிலோ வசிப்பவராக இருக்கலாம். ஆலைக் கூலியிலோ சிறு கடையின் வருவாயிலோ இல்லறம் நடத்துபவராக இருக்கலாம். கடல் கடந்து ஒருமுறை செல்ல வாய்த்தால் எங்குச் செல்வீர் என்று வினவினால், மக்கமா நகரின் பெயரே உங்கள் நாவில் முதலில் எழும். அவ்வாசையை எவ்விதம் சிக்கனமாக நிறைவேற்றலாம் என்பதே இவ்வாரச் சிந்தனை.

நம் மூதாதையருக்குக் கடற்பயணம் புதிதன்று. புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோன் சென்று வணிகம் செய்தனர். அந்நகரின் நடுவே 1935-இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியதேயாகும். ஹஜ்ஜுக்கோ பம்பாய் வரை இரயிலேறி, அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறினர். அக்கப்பற் பயணம் 1995-உடன் நின்றது. விமானக் கட்டணத்துக்கு அரசு அளித்துவந்த மானியமும் 2018-இல் நீங்கிற்று. இன்று ஹஜ் கமிட்டி வழியே செல்பவரும் அம்மானியமின்றியே செல்ல வேண்டும்.

வழிச்செல்லும் ஆற்றல் பெற்றோர்க்கே ஹஜ்ஜு கடமை எனத் திருமறை வரையறுத்திருக்கிறது. கடன்களைத் தீர்த்து, திரும்பி வரும் நாள்வரை வீட்டாரின் உணவுக்கும் உடைக்கும் வைத்தபின், எஞ்சிய பொருளால் போய்வர இயலுமா என்பதே மார்க்கச் சட்ட வல்லுநர்கள் கேட்கும் கேள்வி. வட்டிக்கு வாங்கியேனும் போயாக வேண்டும் என்று துடிப்பவர்மீது அக்கடமை இன்னும் வந்து சேரவேயில்லை! "இப்பொழுது செல்லுங்கள், பிறகு தவணையில் கட்டுங்கள்" என அழைக்கும் விளம்பரங்களைக் காணும்போது இதனை நினைவிற்கொள்க. இறையில்லம் நோக்கிய பயணத்தில் வட்டி கலப்பதைக் காட்டிலும் முரண் வேறெது?

மலேசியக் கிராமத்து முஸ்லிம்கள் ஒருகாலத்தில் நிலத்தையும் கால்நடைகளையும் விற்று ஹஜ்ஜு செய்தனர். திரும்பி வந்து வறுமையில் உழன்றனர். வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாமல் வீட்டிலேயே பணத்தை ஒளித்து வைத்தோரும் உண்டு. இந்நிலை கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், வட்டியற்ற சேமிப்பு நிறுவனமொன்றை நிறுவுமாறு 1959-இல் யோசனை கூறினார். அதன்படி 1963-இல் செயற்படத் தொடங்கிய அமைப்பே இன்றைய தாபூங் ஹாஜி. நம்மிடம் அத்தகைய நிறுவனம் இல்லை. ஆயினும் கணக்கு ஒன்றே. மாதம் 2,500 ரூபாய் ஒதுக்கினால் 10 ஆண்டுகளில் 3 இலட்சம் சேரும். அண்மை ஆண்டுகளில் ஹஜ் கமிட்டி வழிச் சென்றோர்க்கே ஒருவருக்கு அதற்குமேல் ஆகியிருப்பதால், கூடுதலாகவே சேமிக்க வேண்டியிருக்கும்.

அதுவரை உம்ராவேனும் செய்து வரலாம் என எண்ணுவோர் பலர். நல்லெண்ணமே, ஆனால் அது ஹஜ்ஜுக்கு ஈடாகாது, ஹஜ்ஜுக்கெனச் சேர்த்த பணம் அதில் கரைந்துவிடலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். செல்வதென முடிவு செய்தால், ரமலானையும் பள்ளி விடுமுறையையும் தவிர்த்த காலமே கைக்கு அடக்கமானது. கடவுச்சீட்டை முன்னரே எடுத்துவிடுக. 36 பக்கச் சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பெரியவர்க்கு 10 ஆண்டு செல்லும். அதில் பெயரின் முன்னெழுத்தை விரித்தெழுத வேண்டும். ஆதாரில் ஒருவிதமாகவும் பள்ளிச் சான்றில் வேறுவிதமாகவும் "முஹம்மது" எழுதப்பட்டிருக்கும் வீடுகள் நம்மில் எத்தனை! முதலில் அதனைத் திருத்துங்கள்.

விலை குறைந்த விமானச் சீட்டுகள் பெரும்பாலும் வளைகுடா நகரங்களிலோ கொழும்பிலோ இறக்கி ஏற்றுபவை. இளைஞர்க்கு அது பொருட்டன்று. முதிய தாயுடன் நள்ளிரவில் ஆறேழு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் பெரிதாகத் தோன்றாது. மற்றொன்றும் உண்டு. ஜித்தாவுக்குச் செல்லும் விமானம் தரையிறங்குமுன்பே மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். ஆகையால் இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மதீனாவுக்குச் செல்லும் ஏற்பாடு கிடைத்தால் புதியவர்க்கு எளிது. அங்கிருந்து புறப்படுகையில் துல்ஹுலைஃபாவில் அமைதியாக இஹ்ராம் அணியலாம்.

குறைந்த விலையைக் கண்டு மயங்குவோர்க்கு ஒன்று கூறியாக வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவின் வெப்பம் 50 டிகிரியைக் கடந்தது. 1,301 பேர் மாண்டனர். அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் எனச் சவூதி அரசு அறிவித்தது. முறையான கட்டணம் செலுத்த இயலாமல், வேறு விசாவில் வந்து, நிழலும் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் அவர்கள். "உம்ரா விசாவிலேயே தங்கி ஹஜ்ஜையும் முடித்துவிடலாம்" என எவரேனும் கூறினால் அவரிடம் ஒரு காசும் கொடாதீர். முறைப்படி சென்றவர்க்கும் இடர் நேர்வதுண்டு. 2025-இல் தனியார் குழுக்கள் வழியே செல்லவிருந்த பல்லாயிரம் இந்தியர் இடமின்றி நின்றனர். பணம் கொடுக்குமுன், அக்குழு அரசின் பதிவு பெற்றதா, தங்குமிடம் ஹரமிலிருந்து எத்துணைத் தொலைவு, உணவு கட்டணத்தில் அடக்கமா, பயணம் நின்றால் பணம் எப்பொழுது திரும்பும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். கேட்பதைக் கண்டு முகம் சுளிப்பவரை விட்டு அகலுங்கள்.

இல்லத்தரசியர்க்கும் ஒரு சொல். உணவுச் செலவைக் குறைக்க மசாலாத் தூளும் ஊறுகாயும் கட்டி அனுப்புவது நம் வழக்கம். கசகசா சவூதியில் போதைப் பொருளாகக் கருதப்பட்டுத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே குருமாவுக்கு அரைத்து வைத்த பொடியை அப்படியே பொட்டலம் கட்டிவிட வேண்டாம். பயணப் பொடியைக் கசகசா சேர்க்காமல் தனியே இடித்து, பொட்டலத்தின்மேல் பெயரெழுதிக் கொடுத்தனுப்புங்கள்.