ஒரு கட்டில் ஐந்து நூல்கள்

சென்ற மாதம் ஒரு நூல்நிலையத்திற்குப் பழைய அந்தாதி ஒன்றைத் தேடிச் சென்றேன். பட்டியலில் அஃது இல்லை. "இங்கே இல்லை, ஐயா" என்றார் நூலகர். பிறிதொரு தேவைக்காக நன்னூலுரைப் பதிப்பொன்றை எடுத்து விரித்தேன். அதன் பின்னே, அதே மட்டைக்குள், நான் தேடிய அந்தாதியும் ஓர் ஊஞ்சலும் இரு பதிகங்களும் இருந்தன! பட்டியல் எழுதியவர் முதல் நூலின் பெயரோடு நிறுத்திவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இத்தகைய பிரபந்தங்கள் சில பக்கச் சிறு பிரசுரங்களாய் வெளிவந்தன. தனியே கிடந்தால் கிழியுமென்று நாலைந்தைச் சேர்த்துக் கட்டுவித்தனர். ஏட்டுச்சுவடியிலும் ஒரே கயிற்றிற் பல நூல்கள் கோக்கப்பெற்றதுண்டு. கட்டியவரைக் குறைகூறேன், அவராலன்றோ அவை பிழைத்தன.

செய்யவேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பதிவு. அதில், இன்ன நூலோடு சேர்த்துக் கட்டப்பெற்றது, கட்டில் இத்தனையாவது என்னுங் குறிப்பு. சீட்டாயினும் கணினியாயினும் முறை ஒன்றே. பல நூல்களை ஒருங்கே படம்பிடித்த நுண்படச்சுருளுக்கும் அஃதே.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். அவற்றுள் எத்தனை மட்டைகள் இவ்வாறு பல நூல்களைத் தாங்கியிருந்தனவோ!

அந்த அந்தாதிக்கு நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவந்தேன். மற்றை மூன்றுக்கும் எழுத வரும் சனிக்கிழமை மீண்டுஞ் செல்வேன்.