பெட்டகத்தின் பாதை – 9: தண்டவாளத்தில் நீளும் துறைமுகம்

கப்பலிலிருந்து கிரேன் தூக்கி இறக்கும் சரக்குப் பெட்டகம் துறைமுக முற்றத்தில் அடுக்கப்படும் வரையிலான கட்டங்கள் சென்ற வாரப் பகுதியில் விளக்கப்பட்டன. அந்த முற்றத்தில் காத்திருக்கும் பெட்டகங்களில் ஒரு பங்கு துறைமுக நகரத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உரியது. மற்றொரு பங்கு தில்லிக்கோ லூதியானாவுக்கோ ஜெய்ப்பூருக்கோ, அதாவது கடலைக் கண்ணால் காணாத ஊர்களுக்குப் போய்ச்சேர வேண்டியது. லாரியில் ஏற்றினால் ஒரு வண்டிக்கு ஒரு நாற்பதடிப் பெட்டகம் அல்லது இரண்டு இருபதடிப் பெட்டகங்கள் போகும். ரயிலில் ஏற்றினால் ஒரே இன்ஜினுக்குப் பின்னால் 90 இருபதடிப் பெட்டகங்கள் போகும். கணக்கு இத்தனை எளிதாக இருந்தும், இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் பெட்டகங்களில் பெரும்பங்கு இன்றும் சாலையிலேயே பயணிக்கிறது. இதற்கு ரயிலின் வேகத்தை மட்டும் காரணம் காட்டுவது போதாது. ரயில் ஓடும் நேரத்தைக் காட்டிலும், அது புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் பெட்டகம் சும்மா கிடக்கும் நேரமே இந்த வணிகத்தின் தலைவிதியை எழுதுகிறது.

இந்தியாவுக்குக் கப்பல் வழியாகச் சரக்குப் பெட்டகங்கள் வரத் தொடங்கியது 1973-ல், கொச்சித் துறைமுகத்தில். அடுத்த எட்டே ஆண்டுகளில், 1981-ல், நாட்டின் முதல் உள்நாட்டுப் பெட்டகக் கிடங்கு பெங்களூரில் திறக்கப்பட்டது. ‘இன்லேண்ட் கன்டெய்னர் டெப்போ’ என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வணிகர்களும் சுங்க முகவர்களும் ஐ.சி.டி. என்று அழைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘உலர் துறைமுகம்’ என்ற பெயரும் உண்டு. தண்ணீர் மட்டும்தான் இல்லை, துறைமுகத்தில் நடக்கும் மற்றெல்லாக் காரியங்களும் அங்கே நடக்கும் என்பது அப்பெயரின் பொருள். சென்னைத் துறைமுகத்தில் பெட்டகங்களுக்கென்றே தனி முனையம் அமைந்தது 1983-ல்தான் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், கடற்கரையில் முழு வசதி வருவதற்கு முன்பே உள்நாட்டில் ஒரு கிடங்கு திறந்த அன்றைய ரயில்வே அதிகாரிகளின் தொலைநோக்கு விளங்கும். 1988-ல் ரயில்வேயின் கீழ் கான்கார் எனப்படும் இந்தியப் பெட்டகப் போக்குவரத்துக் கழகம் உருவாக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் ஏழு ஐ.சி.டி.களை ரயில்வேயிடமிருந்து ஏற்றுப் பணியைத் தொடங்கியது. அதே 1989-ல் மும்பைக்கு எதிர்க்கரையில் ஜவஹர்லால் நேரு துறைமுகமும் செயல்படத் தொடங்கியது. தில்லியின் துக்ளகாபாத்தில் 1993-ல் பெரிய ஐ.சி.டி. அமைந்த பிறகு, வட இந்தியாவின் ஏற்றுமதியாளருக்கு மும்பைக் கடற்கரை தன் ஊர் எல்லைக்கே வந்துவிட்டது போன்ற நிலை உண்டானது.

அந்த நிலையை உண்டாக்கியதில் தண்டவாளத்துக்கு இருந்த பங்கு பாதிதான். மறுபாதி சுங்கச் சட்டத்துக்கு உரியது. இறக்குமதிச் சரக்கைத் துறைமுகத்திலேயே திறந்து பார்த்துத் தீர்வை வசூலித்தாக வேண்டும் என்று இருந்தால், பெட்டகத்தை அப்படியே உள்நாட்டுக்கு அனுப்புவதில் பொருளில்லை. ஆகவே 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், கரையிறங்கிய சரக்கைத் தீர்வை செலுத்தாமலே வேறொரு சுங்க நிலையத்துக்கு மாற்றிக் கொண்டுசெல்ல இடமளிக்கிறது. கப்பல் நிறுவனம் சமர்ப்பிக்கும் சரக்குப் பட்டியலிலிருந்து, குறிப்பிட்ட ஐ.சி.டி.க்குப் போகவேண்டிய பெட்டகங்களை மட்டும் பிரித்து ஒரு துணைப் பட்டியல் தயாராகிறது. அதன்பேரில் துறைமுகச் சுங்க அதிகாரி வழங்கும் மாற்றுப்பயண அனுமதி தொழில் வட்டாரத்தில் எஸ்.எம்.டி.பி. எனப்படுகிறது. பெட்டகம் வழியில் திறக்கப்படாது என்பதற்குக் கொண்டுசெல்லும் நிறுவனம் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறது. சட்டப்படி பார்த்தால், துக்ளகாபாத் போய்ச்சேரும் வரை அந்தச் சரக்கு இந்தியச் சந்தைக்குள் இன்னும் நுழையவில்லை. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் நிலப்பரப்பைக் கடந்த பின்னும் அது கப்பலை விட்டு இறங்கிய சரக்காகவே கருதப்படுகிறது.

இத்தனை பெரிய சட்டப் பொறுப்பைத் தாங்கி நிற்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருள். பெட்டகக் கதவின் கொண்டியில் பூட்டப்படும் அதற்கு ‘பாட்டில் சீல்’ என்று பெயர். விரல் பருமனுள்ள எஃகு ஊசி ஒன்றும், அது போய் அமரும் சிறு உருளை ஒன்றும் சேர்ந்ததே அது. ஊசியை உருளைக்குள் அழுத்தும்போது ‘டக்’ என்ற ஓசையோடு மாட்டிக்கொண்டால், பெரிய கம்பிவெட்டியால் துண்டித்தாலொழிய அதைக் கழற்ற இயலாது. சாவி என்ற ஒன்று அதற்குக் கிடையாது. அதன்மேல் பொறித்த எண்ணும், பெட்டகத்தின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள நான்கு எழுத்து ஏழு இலக்க அடையாள எண்ணும் ஆவணங்களில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சரிபார்க்கப்படுகின்றன. ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அந்தப் பெட்டகம் வரிசையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, விளக்கம் வந்துசேரும் வரை நாள் வாடகையைக் கூட்டிக்கொண்டே நிற்கும்.

இனி ரயிலைப் பார்க்கலாம். இந்திய ரயில்வேயில் பெட்டகங்களைச் சுமக்கப் பெருமளவில் பயன்படுவது பி.எல்.சி. என்ற வகை வேகன். சுவரும் கூரையும் இல்லாத வெறும் எஃகுச் சட்டம் அது. அதன் மேல்தளம் தண்டவாளத்திலிருந்து 1,009 மில்லிமீட்டர் உயரத்தில், வழக்கமான தட்டை வேகன்களைவிடத் தாழ்வாக அமைக்கப்பட்டுள்ளது. ஐந்து வேகன்கள் ஓர் அலகாக நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டு, அத்தகைய ஒன்பது அலகுகள், அதாவது 45 வேகன்கள் சேர்ந்து ஒரு முழு ரயிலாகின்றன. இந்தத் தொடரை ரயில்வேக்காரர்கள் ‘ரேக்’ என்பார்கள். 45 என்ற எண்ணிக்கையைத் தீர்மானித்தது இன்ஜினின் இழுவிசை அன்று. பயணி ரயிலுக்கு வழிவிட்டுச் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்கும் ‘லூப் லைன்’ எனும் பக்கப்பாதை இந்தியாவில் பொதுவாக 686 மீட்டர் நீளத்துக்கு அமைந்திருப்பதால், அதற்குள் அடங்கும் நீளமே ரயிலின் நீளமாயிற்று. பெட்டகத்தின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள வார்ப்பு எஃகுத் துண்டுகள் உண்டு. கீழ் மூலைகள் நான்கும் வேகனின் மேலுள்ள ‘ட்விஸ்ட் லாக்’ என்ற முறுக்குப் பூட்டுகளில் சென்று அமர்கின்றன. ‘ரீச் ஸ்டேக்கர்’ எனப்படும், நீண்ட கையுடைய தூக்கு வாகனம் முப்பது டன் பெட்டகத்தைத் தூக்கிவந்து அந்த நான்கு பூட்டுகளின்மேல் அங்குலம் பிசகாமல் இறக்குவதைக் காண்பவர், ஓட்டுநரின் கைத்திறனே இந்தத் தொழிலின் அச்சாணி என்பதை உடனே உணர்வார்.

ஒரு ரயிலின் நீளத்தைக் கூட்ட முடியாதபோது உயரத்தைக் கூட்டலாம் என்ற யோசனையிலிருந்து பிறந்தது இரட்டை அடுக்கு முறை. அமெரிக்காவில் 1984 முதல் கப்பல் நிறுவனங்கள் இதை முறையான சேவையாக நடத்தத் தொடங்கின; ஆனால் அங்கே தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர்தான் என்பதால், சக்கரங்களுக்கு இடையே தொட்டில்போல் தாழ்ந்த தனிவகை வேகன் தேவைப்படுகிறது. இந்திய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். இந்த அகலம் தரும் நிலைப்பாட்டால், தொட்டில் வேகன் இல்லாமலே, சாதாரணத் தட்டை வேகனின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டகங்களை அடுக்க முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட அகலப்பாதை முடிவு இப்படியொரு வரமாக வந்து வாய்த்தது. குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே 2006-ல் முதல் இரட்டை அடுக்கு ரயில் டீசல் இன்ஜினோடு ஓடியது.

டீசல் என்பது இங்கே முக்கியமான சொல். உயரவகைப் பெட்டகம் ஒன்றின் உயரம் 2.9 மீட்டர், இரண்டை அடுக்கி வேகன் தளத்தின் உயரத்தையும் கூட்டினால் தண்டவாளத்திலிருந்து 6.8 மீட்டர் வருகிறது. மின்மயமான சாதாரணப் பாதைகளில் 25,000 வோல்ட் மின்கம்பி தொங்குவதோ ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரத்தில். ஆகவே, பாதைகளை மின்மயமாக்குவதும் இரட்டை அடுக்கு ஓட்டுவதும் ஒன்றையொன்று விலக்கும் நோக்கங்களாக நின்றன. உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியிலிருந்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை ஏறத்தாழ 1,506 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மேற்குச் சரக்கு ரயில் தனிப்பாதை இந்த முடிச்சை அவிழ்த்தது. ஜப்பானியக் கடனுதவியோடு அமைந்த அப்பாதையில், 7.1 மீட்டர் உயரச் சரக்கு செல்லும் வகையில் பாலங்களும் மேம்பாலங்களும் கட்டப்பட்டு, மின்கம்பி ஏறத்தாழ ஏழரை மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டது. அதை எட்டித் தொடுவதற்காக இன்ஜின்களின் கூரையிலுள்ள மின்வாங்கிக் கரமும் நீட்டி வடிவமைக்கப்பட்டது. ஹரியானாவில் சோஹ்னா அருகே ஆரவல்லி மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த சுரங்கப்பாதையும் இதே உயரக் கணக்கில் உருவானதே. இத்தகைய உயர்கம்பியின் கீழ் முதல் இரட்டை அடுக்கு மின்ரயில் 2020 ஜூன் மாதம் குஜராத்தில் ஓடியது. 2021 ஜனவரி 7 அன்று, இரண்டு ரேக்குகளை ஒன்றாக இணைத்த ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ரயில், 360 இருபதடி அளவுப் பெட்டகங்களுக்கான இடத்தோடு ஹரியானாவின் நியூ அடேலியிலிருந்து புறப்பட்டது. திட்டம் காகிதத்தில் இருந்தபோதே உயரத்தை ஏழு மீட்டருக்கு மேல் நிர்ணயித்தவர்கள் நன்றிக்குரியவர்கள். கட்டி முடித்த பாலத்தை உயர்த்துவது புதுப் பாலம் கட்டுவதைவிடக் கடினம்.

அடுக்குவதிலும் விதிகள் உண்டு. இரண்டு இருபதடிப் பெட்டகங்களின்மேல் ஒரு நாற்பதடிப் பெட்டகத்தை வைக்கலாம். நாற்பதடிப் பெட்டகத்தின்மேல் இரண்டு இருபதடிகளை வைக்க முடியாது, ஏனெனில் நாற்பதடியின் நடுவில் பாரம் தாங்கும் மூலைத் தூணும் இல்லை, பூட்டு மாட்டும் துளையும் இல்லை. பாரமானது கீழேயும் இலேசானது மேலேயும் இருந்தாக வேண்டும். எடையும் ஓரிடத்தில் தடுக்கிறது: சக்கர அச்சு ஒன்றின்மேல் இறங்கக்கூடிய எடையான அச்சுப்பாரத்தின் பழைய கணக்கில் ஒரு பி.எல்.சி. வேகன் ஏறத்தாழ 61 டன் சுமக்கலாம் என்பதால், நிறைபாரமுள்ள இரண்டு இருபதடிகளை ஏற்றியதுமே அதன் வரம்பு தீர்ந்துவிடும், மேலே வைக்க ஒன்றுமிருக்காது. அரிசிப் பெட்டகத்துக்கு இரட்டை அடுக்கு அதிகம் உதவாது. ஆயத்த ஆடைக்கும் மின்னணுப் பொருளுக்கும் காலிப் பெட்டகத்துக்கும் அது பெரிய வரப்பிரசாதம். தனிப்பாதையின் 25 டன் அச்சுப்பாரம் இந்த வரம்பை ஓரளவு தளர்த்தியுள்ளது.

காலிப் பெட்டகம் என்ற சொல் வந்ததால் இத்தொழிலின் ஆறாத புண் ஒன்றையும் தொடவேண்டியிருக்கிறது. ஓர் ஊருக்கு வரும் பெட்டகங்களும் அவ்வூரிலிருந்து போகும் பெட்டகங்களும் எண்ணிக்கையிலும் வகையிலும் ஒத்துப்போவதில்லை. இறக்குமதி நாற்பதடியில் வர, ஏற்றுமதியாளர் இருபதடி கேட்டால், வந்தது காலியாகத் திரும்பும். கேட்டது வேறெங்கிருந்தோ காலியாக வரும். காலிக்கும் ரயில்வே கட்டணம் வசூலிக்கிறது. லாரிக்காரர் திரும்பும் வழியில் கிடைத்த சுமையை ஏற்றிக்கொள்ளலாம். 45 வேகன் ரேக்குக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 2006-ல் கான்காரின் ஏகபோகம் நீக்கப்பட்டு, நாடு முழுவதும் ரயில் இயக்க 50 கோடி ரூபாய் உரிமக் கட்டணத்தில் தனியார் அனுமதிக்கப்பட்டபோது, போட்டி வந்தது. ஆனால் இந்தச் சமனின்மை போட்டியால் தீரக்கூடியது அன்று.

ரயில் புறப்படும், சேரும் முனைகளில் எழும் சிக்கலுக்கு ஜவஹர்லால் நேரு துறைமுகத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அத்துறைமுகம் ஒன்றேயானாலும் அதனுள் வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தும் முனையங்கள் பல. உள்நாட்டிலிருந்து வரும் ஒரே ரயிலில் வெவ்வேறு முனையங்களின் கப்பல்களுக்கான பெட்டகங்கள் கலந்திருக்கும். முனையத்துக்கு ஒரு முழு ரயில் சேரும்வரை ஐ.சி.டி.யில் காத்திருந்தால் அங்கே நாட்கள் போகும். கலந்தே அனுப்பினால் துறைமுகத்துக்குள் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு டிராக்டரில் மாற்ற நேரமும் பணமும் போகும். இதற்கு ஒரு விடையாகவே ராஜஸ்தானின் காத்துவாஸ் போன்ற தொகுப்பு மையங்கள் எழுந்தன. குஜராத் துறைமுகங்களிலிருந்து இரட்டை அடுக்காக வரும் ரயில் அங்கே கலைக்கப்பட்டு, பல ஊர்களுக்கு ஒற்றை அடுக்காகப் பிரிக்கப்படுகிறது. எதிர்த்திசையில் ஊர் ஊராக வந்தவை சேர்த்து அடுக்கப்பட்டுக் கடலுக்குப் போகின்றன. மேற்குத் தனிப்பாதையிலோ, வைதர்ணாவிலிருந்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரையிலான ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான் கடைசியாக எஞ்சி நின்ற பகுதி. அன்று நாட்டின் முதன்மையாக இருந்த பெட்டகத் துறைமுகத்துக்காகத் திட்டமிட்ட பாதை, அந்தத் துறைமுகத்தின் வாசலைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே குஜராத்தின் முந்த்ரா, பிபாவாவ் துறைமுகங்களுக்குப் பயன்படத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டின் நிலை வேறு. சென்னையிலிருந்து பெங்களூரு ஒயிட்ஃபீல்டு ஐ.சி.டி. ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கோவைக்கருகே இருகூரில் உள்ளதும் தூத்துக்குடியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளோ சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தில் உள்ளன. பெட்டகத்தை ரயிலில் ஏற்ற ஒரு தூக்கு, இறக்க ஒரு தூக்கு, ஐ.சி.டி.யிலிருந்து ஆலைக்கு ஒரு லாரி என்ற மூன்று செலவுகளும் தொலைவு எதுவானாலும் மாறாதவை. தொலைவு நீண்டால்தான் அவை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மெல்லியதாகப் பரவும். ஆகவே கிலோமீட்டரை மட்டும் அளந்தால் தென்னகத்தில் லாரியே வெல்கிறது. ஆனால் அந்தக் கணக்கில், சென்னையின் வடகோடிச் சாலைகளில் துறைமுகக் கேட்டை நோக்கி வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர் ஸ்டீரிங்கின் முன்னே கழிக்கும் இரவு சேர்க்கப்படுவதில்லை. அவ்வரிசையின் புகையைச் சுவாசிக்கும் திருவொற்றியூர்க்காரரின் வீடும் சேர்க்கப்படுவதில்லை. துறைமுக மதிலுக்குள் நிறைந்து சீலிடப்பட்ட ஒரு ரேக், நகருக்கு வெளியே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள முற்றத்தில் கலைக்கப்படுமானால், ஒரே தடவையில் தொண்ணூறு இருபதடிப் பெட்டகங்களின் லாரிகள் அந்தச் சாலையிலிருந்து விலகும். அதற்கான செலவை ஏற்றுமதியாளர் மட்டும் சுமப்பதா, துறைமுகமும் மாநகரமும் பகிர்வதா என்பதுதான் இன்னும் பேசி முடிக்கப்படாமல் இருக்கிறது.

(தொடரும்)