லீவுக்கு எந்தப் புத்தகம்?

முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. இனி காலையில் அலாரம் இல்லை, ஹோம்வொர்க் இல்லை! ஆனால் வெயில்...? திருத்தணி குட்டீஸுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் முருகன் கோயிலின் 365 படிகளில் வெறுங்காலோடு ஏறிப் பாருங்கள், தெரியும்! அந்த நேரத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, எந்தப் புத்தகம்?

அங்கேதான் சிக்கல். "நல்ல புத்தகமா பார்த்துப் படிடா" என்பார் அப்பா. "அடுத்த வருஷப் பாடத்தை இப்பவே படிச்சு வையேன்" என்பார் அம்மா. (பாடப் புத்தகத்துக்குத்தான் ஜூனிலிருந்து பத்து மாதம் இருக்கிறதே, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்!) "எங்கள் வீட்டில் புத்தகமே இல்லை, இதில் எங்கே தேர்ந்தெடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காகவே இரண்டு பெரியவர்களின் கதை. இருவருமே திருத்தணிக்கு வேண்டியவர்கள்.

முதலாமவரின் பிறந்த நாளன்று உங்கள் டீச்சருக்குப் பூ கொடுப்பீர்கள். ஆமாம், டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான். திருத்தணியில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். உதவித்தொகை பெற்றுத்தான் படித்தார். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி வந்தது. அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவினர் ஒருவர், தான் படித்த தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம்! அதனாலேயே தத்துவப் பாடத்தில் சேர்ந்துவிட்டார் ராதாகிருஷ்ணன். யாரோ படித்த பழைய புத்தகங்கள் எங்கே கொண்டுபோய் விட்டன தெரியுமா? 1936இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1962இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார்.

அடுத்தவர் ம.பொ.சிவஞானம். சுருக்கமாக ம.பொ.சி. இவர் பிறந்தது 1906இல், சென்னையில். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது. பிறகு அச்சகத்தில் அச்சுக் கோக்கும் வேலை பார்த்தார். அப்போது கம்ப்யூட்டர் ஏது? ஈயத்தால் செய்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வரி வரியாக அடுக்க வேண்டும். அந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி இருக்கும். அதையே படித்துப் பழகியவருக்கு நேரான எழுத்து எம்மாத்திரம்!

புதுப் புத்தகம் வாங்க அவரிடம் பணம் இல்லை. பழைய புத்தகக் கடைகளாகத் தேடிப் போய்க் குறைந்த விலைக்கு வாங்கினார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசையும் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பல வேளை பட்டினி கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். (நீங்கள் சாப்பிட்டுவிட்டே படியுங்கள்!) சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோது அங்கேயும் சிலப்பதிகாரத்தை விடாமல் படித்தார். பிற்காலத்தில் 'சிலம்புச் செல்வர்' என்றே பெயர் பெற்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு 1966இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

திருத்தணிக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. அதை மீட்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் ம.பொ.சி.தான். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது.

வெளிநாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் 14 வயதில் வேலைக்குச் சேர்ந்த மைக்கேல் ஃபாரடே, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்து விஞ்ஞானி ஆனவர்!

ஆக, பெரிய கடையும் நீண்ட பட்டியலும் இருந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதில்லை. கையில் கிடைப்பதில் ஆரம்பிக்கலாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட குவியலையும் கிளறிப் பாருங்கள். காமிக்ஸ் கிடைத்தால் அதையும் எடுங்கள், யாராவது திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்!

புத்தகம் நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க ஒரு விளையாட்டு இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். அர்த்தம் தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அடுத்த லீவுக்கு! ஒன்றிரண்டு விரல் மடங்கினால் தாராளமாக எடுக்கலாம். எடுத்த பிறகும் இருபது பக்கம் வரை பிடிக்கவில்லையா? மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். இது பரீட்சை இல்லை, யாரும் மார்க் போடப் போவதில்லை.

அறிவியல் புத்தகம் என்றால் மட்டும் முதல் பக்கங்களில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2006க்கு முன்பு வந்த புத்தகம் சூரியக் குடும்பத்தில் 9 கோள்கள் என்று சொல்லும். அந்த ஆண்டில்தான் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கினார்கள். கதைப் புத்தகத்துக்கு வயதே கிடையாது. வாண்டுமாமாவின் கதைகளை உங்கள் அப்பாவும் சின்ன வயதில் படித்திருப்பார், கேட்டுப் பாருங்கள். புதிதாக வேண்டும் என்றால் உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' இருக்கிறது. கீழடியைப் பற்றிய கதை. 2023இல் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது.

திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. கொஞ்ச தூரம் போனால் நகரி, புத்தூர். கடைவீதியிலேயே தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். தெலுங்கு படிக்கத் தெரிந்த நண்பன் இருந்தால் அவனுக்கு நீங்கள் தமிழில் ஒரு கதை படித்துக் காட்டுங்கள். அவன் தெலுங்கில் ஒன்று படித்துக் காட்டட்டும்.

இன்னொரு கணக்கு. நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டு வாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் ஒரே மாதத்தில் ஆளுக்கு நான்கு புத்தகம் படித்துவிடலாம், செலவே இல்லாமல்!

பழைய புத்தகம் வாங்கும்போது கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மறந்துவிட்டீர்களா? பரவாயில்லை. முடிவு என்னவாக இருக்கும் என்று நால்வரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிப் பார்க்கலாமே!