துறைமுகத்துக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்

நாற்பது நாள் என்றவுடன் நம் இல்லங்களில் தவக்காலமே நினைவுக்கு வரும். துறைமுகத்தாருக்கோ அந்த எண் வேறொன்றையும் நினைவூட்டும். கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை நகருக்குள் விடாமல் 30 நாள் ஒதுக்கி நிறுத்த வேண்டும் என்று 1377-ஆம் ஆண்டில் சட்டம் வகுத்தது, அத்ரியாத்திக் கடற்கரையிலுள்ள ரகூசா என்னும் துறைமுக நகரம். டுப்ரோவ்னிக் என்பது அதன் இன்றைய பெயர். 1423-இல் வெனிஸ் நகரத்தார் இதற்கெனத் தனித் தீவில் ஒரு விடுதியே அமைத்தனர். முப்பது நாள் பின்னர் நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்ததே 'குவாரண்டைன்' என்ற சொல். கொரோனாக் காலத்தில் நம் ஊர்களில் வீட்டுக் கதவுகள்தோறும் ஒட்டப்பட்டதும் அதுவே.

ஆக, தொற்றைத் தடுக்கும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவை துறைமுகங்களே. அப்படியானால், கற்றுக்கொடுத்தவருக்கே இன்று பாடம் எதற்கு? இக்கேள்விக்கு விடை, சட்டப் புத்தகத்தில் இல்லை. சரக்குப் பொதியைத் தொடும் கைகளிலும், கப்பலை உள்ளே விடு என்று கையொப்பமிடும் கைகளிலும் இருக்கிறது.

அந்தோனியார் பெயர் தாங்கிய கப்பல்

1720-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், லெபனான் கரையிலிருந்து துணியும் பஞ்சும் ஏற்றிக்கொண்டு, புனித அந்தோனியாரின் பெயர் தாங்கிய பெரிய கப்பல் ஒன்று பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தை வந்தடைந்தது. வரும் வழியிலேயே மாலுமிகள் சிலரும், கப்பலின் வைத்தியரும் இறந்துபோயிருந்தனர். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் அக்கப்பலைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஐயத்துக்குரிய கப்பல் கரையை விட்டு விலகியுள்ள தீவில் நிற்க வேண்டும் என்ற விதியும் மார்செய் நகரில் இருக்கத்தான் செய்தது.

ஆனால் சரக்கில் ஒரு பகுதி, நகர ஆட்சிக் குழுவினருள் ஒருவருக்கே சொந்தம்! ஜூலை மாதத்தில் பொக்கேர் என்னும் ஊரில் கூடும் பெருஞ்சந்தைக்குத் துணி போய்ச் சேர்ந்தாக வேண்டும். விதி வளைந்தது. விலையுயர்ந்த பொதிகள் தீவுக்குப் போகாமல், நகரை ஒட்டிய நோய்த்தடுப்பு விடுதியிலேயே இறக்கப்பட்டன. அவற்றைத் தூக்கிச் சுமந்த கூலியாட்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்களைப் பார்வையிட்ட வைத்தியருக்கு அது கொள்ளைநோய் என்று தோன்றவில்லை. சில வாரங்களுக்குள் நோய் நகரெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த நகரில் சற்றேறக்குறையப் பாதிப்பேர் மடிந்தனர்.

நகரை விட்டு ஓடாமல் நோயாளரிடையே நின்று பணிபுரிந்தார் மார்செய் ஆயர் பெல்சன்ஸ். 1720 நவம்பர் 1-ஆம் நாள் நகரை இயேசுவின் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த அவரது பெயரை வரலாறு மறக்கவில்லை. ஆனால் முதலில் மாண்ட அந்தச் சுமைக்கூலிகளின் பெயர்களை இன்று யார் நினைக்கிறார்கள்? அவர்கள் தூக்கிய பொதியில் என்ன இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கோ, சந்தையின் நாள் கண்முன் நின்றது.

முந்நூறு ஆண்டுகள் கழித்து

பழங்காலத்து அறியாமை என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. 2020 பிப்ரவரி 3-ஆம் நாள் ஜப்பானின் யோக்கஹாமா துறைமுகத்துக்கு வந்த 'டைமண்ட் பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவர்களுள் 138 பேர் இந்தியர். பெரும்பாலோர் கப்பலில் வேலை பார்த்தவர்கள். இறுதியில் 712 பேருக்குக் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. பயணிகள் தத்தம் அறைகளில் அடைபட்டிருக்க, அவர்களுக்கு உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் சிப்பந்திகளே. அச்சிப்பந்திகளுக்கோ தனியறை இல்லை. ஒரே கூடத்தில் உண்டு, ஒரே அறையில் பலராக உறங்கினர். சோதனைக்காகக் கப்பலில் ஏறிய நோய்த்தடுப்பு அதிகாரி ஒருவரையும் நோய் பற்றியது. தூய பகுதி எது, தொற்றுப் பகுதி எது என்ற எல்லையே உள்ளே தெளிவாக இல்லை என்று, கப்பலுக்குள் சென்று வந்த தொற்றுநோய் வல்லுநர் ஒருவர் வெளிப்படையாகக் குறை கூறியதும், அரசு தரப்பு அதனை மறுத்ததும் அந்நாளில் பெரும் செய்தியாயின.

ஜப்பான் கல்வியிலும் மருத்துவத்திலும் பின்தங்கிய நாடன்று. குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. ஆபத்து வந்த பின் விதிமுறையை வாசிப்பவனுக்கும், வருமுன் பத்து முறை ஒத்திகை பார்த்தவனுக்கும் உள்ள வேறுபாடே இது.

பயிற்சியில் என்னதான் கற்பிக்கிறார்கள்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார விதிகள் 2005-இல் ஏற்கப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. குறிக்கப்பட்ட ஒவ்வொரு துறைமுகத்திலும் நோயாளியைக் கொண்டுசெல்ல ஊர்தியும் ஆட்களும், கப்பலைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற பணியாளர்களும், அவசரகாலத் திட்டம் ஒன்றும் இருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சுகாதார விதிகளும் உண்டு. தாளில் குறைவொன்றும் இல்லை.

கொரோனா தோன்றுமுன்னரே, 2018-இல், ஐரோப்பிய நாடுகள் பல ஒன்றுகூடி, கிரேக்க நாட்டின் தெசலி பல்கலைக்கழகம் முன்னின்று நடத்த, துறைமுகங்கள், விமான நிலையங்கள், எல்லைச் சாவடிகள் ஆகியவற்றின் பணியாளர்களுக்கென ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. இத்தகைய பயிற்சிகளில் கற்பிக்கப்படுபவை பெரும்பாலும் எளிய செய்திகளே. ஆனால் எளியவை என்பதாலேயே தவறவிடப்படுபவை.

எடுத்துக்காட்டாக, காப்பு உடையை அணிவதில் அத்தனை ஆபத்தில்லை, கழற்றுவதில்தான் ஆபத்து. கையுறையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டி எடுக்க வேண்டும். முகக்கவசத்தை எல்லாவற்றிலும் கடைசியில்தான் அகற்ற வேண்டும். இடையிடையே கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். ஒருமுறை காட்டினால் எவரும் தலையசைப்பர். வியர்த்துக் களைத்த நள்ளிரவில், எவரும் பாராதபோது, அதே வரிசையில் கைகள் இயங்க வேண்டுமே! அதற்குப் பலமுறைப் பழக்கம் தேவை.

கப்பல் தலைவர் கொடுக்க வேண்டிய சுகாதார உறுதிமொழித் தாள் மற்றொரு பாடம். விபத்தினாலன்றி எவரேனும் இறந்தனரா, தொற்றுநோய் என ஐயுறத்தக்கவர் உண்டா, வழக்கத்துக்கு மிகுதியாக நோயுற்றோர் உண்டா என்பன போன்ற ஒன்பது கேள்விகள் அதில் உள்ளன. கடந்து வந்த துறைமுகங்களின் பெயரும் நாளும் எழுதப்பட வேண்டும். ஒன்பதுக்கும் 'இல்லை' என்று எழுதிய தாளை வாங்கி அடுக்கி வைப்பது ஒரு வகை வேலை. அதனை மருந்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இத்தனை காய்ச்சல் மாத்திரை யாருக்குச் செலவாயிற்று என்று கேட்பது வேறு வகை வேலை. இரண்டாவதற்கே பயிற்சி தேவை. (இடையில் ஒரு செய்தி: கப்பலில் மஞ்சள் கொடி பறந்தால் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். இன்றைய குறியீட்டில் தனி மஞ்சள் கொடிக்குப் பொருள், 'என் கப்பலில் நோயில்லை. உள்ளே வர இசைவு வேண்டும்' என்பதே.)

இவற்றினும் பயனுள்ளது, மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யும் ஒத்திகை. துறைமுகச் சுகாதார அதிகாரி, துறைமுக மேலாளர், கப்பலை வழிநடத்தி வரும் பைலட், கப்பல் ஏஜென்ட், சுங்க அதிகாரி, மருத்துவமனையாளர், தொழிற்சங்கத்தார் யாவரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். நடத்துபவர் ஒரு சூழ்நிலையை வைக்கிறார்: இரவு பதினொரு மணி, வெளியே நங்கூரமிட்ட கப்பலில் மூவருக்குக் கடும் காய்ச்சல், ஒருவருக்கு மூச்சுத் திணறல், பைலட் ஏற்கெனவே கயிற்றேணியில் ஏறி உள்ளே போய்விட்டார். இப்போது யார் யாரை அழைப்பது? எந்தத் தளத்தில் கப்பலைக் கட்டுவது? ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வரும்? அந்த வாயிலின் சாவி யாரிடம்? பைலட் இன்றிரவு தம் பிள்ளைகளிடம் போகலாமா? அவசரத் திட்டத்தில் குறித்த தொலைபேசி எண்ணுக்குரியவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பது மேசையிலேயே தெரிந்துவிட்டால் நல்லது. கப்பல் வந்தபின் தெரிந்தால் என்னாவது?

மேலாளரும் மாணவரே

பயிற்சி என்றவுடன் கீழ்நிலைத் தொழிலாளியை வரிசையில் நிறுத்திக் கை கழுவக் கற்பிப்பதே வேலை என்று நினைப்போர் உண்டு. மார்செய் நகரில் தவறியவர்கள் கூலியாட்களல்லர், மேலிருந்தவர்கள். ஆகவே மேலாளருக்கும் அதே வகுப்பில், அதே விசுப்பலகையில் இடம் போட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கப்பலை ஒரு நாள் தாமதிக்கச் சொல்வதற்கு எவ்வளவு பணம் இழப்பு, எத்தனை தொலைபேசி அழைப்புகள், எவ்வளவு வசைமொழி என்பதை அவர் அறிவார். சொல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதையும் அறிய வேண்டும். 2021 ஆகஸ்டு மாதத்தில் சீனாவின் நிங்போ துறைமுகத்தில் ஒரேயொரு தொழிலாளிக்குத் தொற்று கண்டதும், அவர் வேலைபார்த்த மெய்ஷான் சரக்குப்பெட்டக முனையம் ஏறத்தாழ இரண்டு வாரம் மூடப்பட்டது. உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று அது.

மேலாளர் கற்கவேண்டிய பாடங்களுள் கடினமானது கூலியைப் பற்றியது. "காய்ச்சல் என்றால் வேலைக்கு வராதே, உடனே சொல்" என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, வராத நாளுக்குக் கூலி இல்லை என்றால், நாள்கூலிக்குச் சுமை தூக்குபவர் எதைத் தேர்ந்துகொள்வார்? மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வருவார். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமல்லவா? நோய் விடுப்புக்கு ஊதியம் தராத துறைமுகம் எத்தனை வகுப்பு நடத்தினாலும், அவ்வகுப்பைக் கேட்டவர் வாய்திறக்கப் போவதில்லை. கப்பல் தலைவருக்கும் இது பொருந்தும். உண்மையை எழுதிய கப்பல் கரை சேரவும் இயலாமல், நோயாளிக்கு மருத்துவ உதவியும் கிட்டாமல் வாரக்கணக்கில் கடலில் நிற்க நேரிடும் என்றால், அடுத்த முறை அந்த ஒன்பது கேள்விக்கும் 'இல்லை' என்ற விடையே வரும்.

இது வெறும் ஊகமன்று. 2020-ஆம் ஆண்டின் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் கப்பல்களிலேயே சிக்கியிருந்த மாலுமிகள் ஏறத்தாழ 4,00,000 பேர். சிலர் பதினேழு மாதங்களுக்கு மேலாகக் கரையை மிதிக்கவில்லை. அடிப்பட்டவரையும் பல்வலிக்காரரையும்கூட இறக்க மறுத்த துறைமுகங்கள் இருந்தன. கதவை அடைப்பது மட்டுமே பாதுகாப்பு என்று கற்றவர்களின் செயல் அது. கதவை எப்படிப் பாதுகாப்பாகத் திறப்பது என்பதே பயிற்சியின் பெரும்பகுதியாக இருத்தல் வேண்டும்.

கடலோடிகளுக்கான கத்தோலிக்கப் பணியாகிய 'ஸ்டெல்லா மாரிஸ்' 1920 அக்டோபர் 4-ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. அதன் நூற்றாண்டு நிறைந்த அதே வருடத்தில், துறைமுகக் குருக்களும் தொண்டர்களும் கப்பலில் ஏற முடியாமற் போயிற்று. பல இடங்களில் அவர்கள் கப்பலேணியின் அடியிலேயே பொருட்களையும் தொலைபேசி அட்டைகளையும் வைத்துவிட்டு, மேலே நிற்கும் மாலுமியோடு கையசைத்துப் பேசிவிட்டுத் திரும்பினர். கப்பல் தலைவரிடம் சொல்லத் தயங்கும் காய்ச்சலை ஒரு மாலுமி முதலில் சொல்லக்கூடியது இவர்களிடமே. துறைமுக ஒத்திகை மேசையைச் சுற்றி நாற்காலி போடும்போது, சென்னையிலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இவர்களுக்கும் ஒன்றைப் போடலாம்.