பட்டறை ஆங்கிலம் – 9: ‘டேமேஜ்’ என்று எழுதினால் போதுமா?

குன்றத்தூருக்குப் பக்கத்தில், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத், சிஎன்சி, பிரஸ், வெல்டிங், பவுடர் கோட்டிங் என்று சிறிதும் பெரிதுமாகப் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. இங்கே கடைந்தெடுக்கும் புஷ், பின், ஷாஃப்ட் போன்றவற்றில் பல, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலை நகர் பக்கத்து வாகன ஆலைகளுக்கு நேராகவோ இன்னொரு கம்பெனி வழியாகவோ போய்ச் சேருகின்றன. சரக்கோடு ஒரு தாளும் போகும். சரக்கு திரும்பி வந்தால் அதற்கும் ஒரு தாள் உண்டு. இரண்டும் ஆங்கிலத்தில்தான்.

அந்தத் தாளில் ‘குறை என்ன’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அங்கே முதலில் வந்து உட்காருவது ‘டேமேஜ்’ என்கிற ஒற்றைச் சொல். கீறலும் டேமேஜ், விரிசலும் டேமேஜ், துருவும் டேமேஜ். எழுதியவருக்கு வேலை முடிந்தது. படிப்பவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. குறைக்குச் சரியான பெயர் வைத்துவிட்டால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். செலவு யார் தலையில் என்பதும் அந்தப் பெயரை வைத்தே முடிவாகும். இந்த வாரம், தேய்ந்ததையும் உடைந்ததையும் ஆங்கிலத்தில் சொல்லும் வகையைப் பார்க்கலாம்.

‘போச்சு’வுக்கு எத்தனை முகம்!

தமிழில் ‘போச்சு’ என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் சமாளித்துவிடும். பல்பு போச்சு, பியூஸ் போச்சு, பேட்டரி போச்சு, மரை போச்சு, சாயம் போச்சு, பெல்ட் போச்சு. கேட்பவர் எதிரிலேயே நிற்பதால் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் தனி வழியில் போகிறது. பல்பு ‘பர்ன்ட் அவுட்’. பியூஸ் ‘ப்ளோன்’. பேட்டரி ‘டெட்’. மரை ‘ஸ்ட்ரிப்ட்’. சாயம் ‘ஃபேடட்’. அறுந்த பெல்ட் ‘ஸ்னாப்ட்’. எல்லாவற்றுக்கும் ‘கான்’ என்று எழுதினால், காணாமல் போய்விட்டதோ என்று படிப்பவர் நினைப்பார்.

இதைவிடச் சிக்கலானது ‘ரிப்பேர்’. நம்மிடம் ‘மோட்டார் ரிப்பேர்’ என்றால் மோட்டார் ஓடவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்திலோ அந்தச் சொல் பழுது பார்க்கும் வேலையைத்தான் குறிக்கும். ‘மெஷின் அண்டர் ரிப்பேர்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், மெக்கானிக் வந்து வேலையைத் தொடங்கிவிட்டார் என்றே அவர் எடுத்துக்கொள்வார். மெக்கானிக்கே இன்னும் வரவில்லை என்றால் ‘த மெஷின் ஹேஸ் ப்ரோக்கன் டவுன்’ என்பதுதான் சரி. ‘ஸ்பாயில்’ என்பதும் இதே ரகம். பால் ஸ்பாயில் ஆகும், செல்லம் கொடுத்தால் பிள்ளை ஸ்பாயில் ஆகும். கம்ப்ரசருக்கு அது பொருந்தாது. அது ‘ஃபெயில்’ ஆகும்.

‘ஜாம்’, ‘சீஸ்’ இரண்டையும் பட்டறையில் மாற்றி மாற்றிச் சொல்வது உண்டு. நடுவில் ஏதோ சிக்கி ஓட்டம் நின்றால் ஜாம். சிக்கியதை எடுத்தால் மறுபடி ஓடும். எண்ணெய் வற்றி, சூடேறி, இரும்போடு இரும்பு இறுகிப் பற்றிக்கொண்டால் சீஸ். முன்னதற்குக் குறடு போதும். பின்னதற்குப் பாகமே மாற்ற வேண்டிவரும்.

தேய்மானத்தின் படிகள்

‘வேர்’ என்ற வினையின் இறந்தகாலம் ‘வோர்’, முடிந்த வடிவம் ‘வோர்ன்’. இதனோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால், தேய்மானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே தெரிந்துவிடும். மேலிருந்த சொரசொரப்பு போய் வழவழப்பானால் ‘வோர்ன் ஸ்மூத்’. கனம் குறைந்து மெலிந்தால் ‘வோர்ன் தின்’. உயரம் குறைந்தால் ‘வோர்ன் டவுன்’. தேய்ந்து தேய்ந்து ஓட்டையே விழுந்தால் ‘வோர்ன் த்ரூ’. இனி உதவாது என்றால் ‘வோர்ன் அவுட்’. பிரேக் பேட் ‘வோர்ன் டவுன்’ என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ‘வோர்ன் அவுட்’ என்றால் இன்றே மாற்றியாக வேண்டும்.

டயரில் இந்தக் கட்டத்தைச் சட்டமே அளந்து வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி டயரின் பள்ளம் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும், மற்ற வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கக் கூடாது. அதற்கும் கீழே தேய்ந்ததை நாம் மொட்டை டயர் என்கிறோம். ஆங்கிலத்திலும் அதே மொட்டைதான்: ‘பால்ட் டயர்’.

ஒரு முனை, நான்கு கதை

சிஎன்சி மெஷின் முன்னால் காலை ஷிஃப்ட் மாறும் நேரம் இப்படி ஒரு பேச்சு சாதாரணம்.

“அண்ணே, ராத்திரி இன்சர்ட் டேமேஜ் ஆயிடுச்சு. மாத்திட்டேன்.”

“எப்படிப் போச்சு? மழுங்கிச்சா, பிஞ்சுச்சா, ஒட்டிக்கிச்சா?”

மூத்த ஆபரேட்டரின் இந்தக் கேள்வியில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. கழற்றிய இன்சர்ட்டை விளக்குக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நான்கு விதமான சேதம் கண்ணில் படும்.

வெட்டுமுனைக்குக் கீழே பளபளவென்று ஒரு பட்டை விழுந்திருந்தால் அது ‘ஃப்ளாங்க் வேர்’. உழைத்துத் தேய்ந்த தேய்மானம். டூலின் ஆயுளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 3685 தரநிலை, இந்தப் பட்டையின் சராசரி அகலம் 0.3 மில்லிமீட்டரைத் தொட்டால் ஆயுள் முடிந்ததாக வைத்துக்கொள்கிறது. சீக்கிரமே தேய்கிறது என்றால் வெட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கடையும் இரும்பே முனையில் அப்பிக்கொண்டு திட்டாக நின்றால் அது ‘பில்ட் அப் எட்ஜ்’. மைல்டு ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் மூன்றிலும் அடிக்கடி வருவது. பெரும்பாலும் இது வேகம் போதாததால் வரும்; வேகத்தைக் கூட்ட வேண்டும்.

விளிம்பில் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் ‘சிப்பிங்’. அதிர்வு, விட்டு விட்டு வெட்டுவது, டூலை அதிகம் வெளியே நீட்டிக் கட்டியது ஆகியவை காரணம். முனைக்குச் செங்குத்தாகச் சீப்புப் பல் மாதிரி வெடிப்புகள் இருந்தால் ‘தெர்மல் கிராக்’. சூடேறிச் சூடேறித் திடீர் திடீரென்று குளிர்ந்ததால் வந்தது. கூலன்ட்டைத் தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் அடியோடு நிறுத்த வேண்டும். அரைகுறையாகத் தெளித்தால் வெடிப்பு கூடும்.

முதல் இரண்டையும் மறுபடி பாருங்கள். ஒன்றுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், மற்றதற்குக் கூட்ட வேண்டும். மருந்து நேர் எதிர். லாக் புத்தகத்தில் இரண்டுமே ‘இன்சர்ட் டேமேஜ்’ என்று இருந்தால், அதைப் படித்துவிட்டு வேகத்தில் கை வைப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு திருப்புகிறார்.

பேரிங்கில் விழுந்த பள்ளம் யாருடையது?

இன்னும் நுட்பமானது பேரிங். ஒரு பால் பேரிங்கைப் பிரித்து உள்வளையத்தைத் துடைத்துப் பார்த்தால், குண்டுகள் ஓடிய தடத்தில் சம இடைவெளியில் பள்ளங்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி, குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள தூரத்துக்குச் சரியாக இருக்கிறது. சப்ளையரைக் குறை சொல்வதற்கு முன் பள்ளத்துக்குள் பார்க்க வேண்டும்.

உள்ளே தொழிற்சாலையில் அரைத்த மெல்லிய கோடுகள் அப்படியே தெரிந்தால், பாரம் அழுத்தியோ மாட்டும்போது சுத்தியலால் அடித்தோ விழுந்த பள்ளம் அது. பெயர் ‘பிரினலிங்’. 1900இல் உலோகத்தின் கடினத்தைக் குண்டால் அழுத்தி அளக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெலின் பெயரால் வந்த சொல். கோடுகள் அழிந்து, செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அது ‘ஃபால்ஸ் பிரினலிங்’; அதாவது சுற்றாமல் நின்ற நிலையிலேயே அதிர்ந்து அதிர்ந்து அரைபட்டது. 1930களில் அமெரிக்காவின் டெட்ராய்டிலிருந்து ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கரப் பேரிங்குகளில் இந்தப் பள்ளங்கள் காணப்பட்டன. ஓடவே ஓடாத வண்டியில் தேய்மானம்! ரயில் குலுங்கிய குலுக்கலே காரணம் என்று ஜான் ஆல்மென் 1937இல் விளக்கினார்.

பள்ளத்துக்குப் பதில் தடம் முழுக்கத் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருந்தால் ‘ஃப்ளூட்டிங்’. வேகத்தை மாற்றும் டிரைவ் பூட்டிய மோட்டார்களில், மின்சாரம் பேரிங் வழியாகக் கசிந்து பாய்வதால் வரும். மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தால் ‘ஸ்பாலிங்’, அதாவது உலோகம் அலுத்துப்போய் விட்டது.

சுத்தியல் பிடித்த ஃபிட்டர், லாரியில் ஏற்றியவர், எலெக்ட்ரீஷியன், ஓடிக் களைத்த பேரிங் என்று பொறுப்பு நான்கு இடத்துக்குப் போகிறது. பேரிங் சேதங்களை வகைப்படுத்தவென்றே ஐஎஸ்ஓ 15243 என்ற தரநிலை இருக்கிறது. அலுப்பு, தேய்மானம், அரிப்பு, மின்னரிப்பு, உருக்குலைவு, முறிவு என்று ஆறு தலைப்புகளில் அது பிரிக்கிறது. இந்த ஆறு தலைப்பையும் ஒரு அட்டையில் எழுதிப் பராமரிப்புப் பிரிவின் சுவரில் மாட்டினாலே பாதி வாக்குவாதம் குறையும்.

பெயரும் பணமும்

தேய்மானம், சேதம் என்ற பிரிவினை பட்டறைக்கு வெளியே நேராகப் பணத்தில் போய் முட்டுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில், குத்தகைக்கு எடுத்தவர் இடத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித்தர வேண்டும் என்கிறது. ‘ரீசனபிள் வேர் அண்ட் டேர்’ என்ற நியாயமான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. ஷெட்டைக் காலி செய்யும்போது தரை வழவழத்துப் போயிருந்தால் அது இந்த விலக்குக்குள் வரும். மெஷினை இழுத்துத் தரையைப் பெயர்த்திருந்தால் வராது. அட்வான்ஸ் தொகையில் பிடித்தம் செய்வதற்கு முன் நடக்கும் பேச்சு முழுக்க இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது.

வாகனக் காப்பீடும் அப்படித்தான். மோதலில் உடைந்தது கிளெய்முக்குள் வரும். ஓடித் தேய்ந்தது வராது. கிளெய்ம் கிடைத்தாலும், சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானக் கழிவு உண்டு. சரிசெய்யும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’. அரசு அலுவலகங்களில் கழித்துக்கட்டிய வண்டிக்கு ‘கண்டெம்ன்ட்’ என்று முத்திரை விழும். அதைத்தான் நம் ஊர் வாய் ‘கண்டம்’ ஆக்கி வைத்திருக்கிறது.

கையில் இருக்கும் ரூபாய் நோட்டுக்கும் இதே கணக்கு. புழங்கி அழுக்கானதும், இரண்டாகக் கிழிந்து இரு பாதியும் ஒரே நோட்டாகச் சேர்வதும் ரிசர்வ் வங்கியின் பார்வையில் ‘சாயில்டு’. முழு மதிப்பும் கிடைக்கும். ஒரு பகுதி காணாமல் போனால் ‘மியூட்டிலேட்டட்’. 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், மிச்சமிருக்கும் பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை பாதிப்பணம், அதற்கும் கீழே ஒன்றுமில்லை.

கையில் இருக்கும் தமிழ்

இந்த ஆங்கிலச் சொற்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்கும் கண் பட்டறைத் தமிழுக்கு ஏற்கெனவே இருக்கிறது. விளிம்பில் நீட்டிக்கொண்டிருப்பது பிசிறு, ஆங்கிலத்தில் ‘பர்’. முனை மொக்கை, ‘ப்ளன்ட்’. ஆட்டம் இருக்கு என்றால் ‘பிளே’, அது நம் பட்டறைகளிலும் பிசகாமல் புழங்கும் சொல். தகரம் நசுங்கினால் ‘டென்ட்’. இத்துப்போன தகரம் ‘ரஸ்ட்டட் த்ரூ’. நைந்த வயர் ‘ஃப்ரேய்டு’. கோணிப்போன பலகை ‘வார்ப்ட்’.

மேற்பரப்புக் குறைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. நகம் வழுக்கிப் போகிறது, நிறம் மட்டும் மங்கியிருக்கிறது என்றால் ‘ஸ்கஃப்’. நகம் மாட்டும் கோடு ‘ஸ்க்ராட்ச்’. தோண்டியது போல் ஆழமாக இருந்தால் ‘கவுஜ்’. விளிம்பில் சின்ன வெட்டு ‘நிக்’. டென்ட்டில் உலோகம் இடம் மாறியிருக்கும், ஆனால் குறைந்திருக்காது. ‘சிப்’பில் ஒரு துண்டே போயிருக்கும். டென்ட்டை நிமிர்த்தலாம், சிப்பை நிமிர்க்க முடியாது. ரீவொர்க்கா ஸ்கிராப்பா என்ற முடிவு இந்த இடத்தில் பிறக்கிறது.

ரிப்போர்ட் எழுதும்போது நான்கு கேள்விகளை வரிசையாக வைத்துக்கொண்டால் போதும். எத்தனை, என்ன குறை, எந்த இடத்தில், எப்போது தெரிந்தது? ‘டென் பீஸ் டேமேஜ்’ என்பதற்குப் பதில், ‘ஃபோர் ஷாஃப்ட்ஸ் ஆர் ஸ்க்ராட்ச்டு ஆன் த பேரிங் சீட், சிக்ஸ் ஹேவ் நிக்ஸ் ஆன் த த்ரெட்; ஃபவுண்ட் ஆன் ஓப்பனிங் த பாக்ஸ்’ என்று எழுதலாம். கூட ஆனது ஒரு வரிதான். ஆனால் பேக்கிங்கில் பிரிப்பு அட்டை வைக்காததுதான் காரணமோ என்று அந்தப் பக்கத்தில் படிப்பவர் உடனே தேடத் தொடங்கிவிடுவார். கூடவே ஒரு போட்டோவும், பக்கத்தில் ஸ்கேலும் வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அடுத்த வாரம்: கொட்டேஷன் கேட்டு வரும் கடிதத்தைப் படிப்பது எப்படி?

(தொடரும்)