ஆகாயத்திலிருந்து வந்த அபய தானம்

டம்டமிலிருந்து திப்ருகருக்கு விமானத்தில் போகும் நம் அன்பர்கள் இறங்குமிடம் மோகன்பாரி. அந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாத்திர வியாபாரமாக அந்தப் பக்கம் பலமுறை போய் வந்த எனக்கே அது ரொம்ப நாள் தெரியாது. படித்துத் தெரிந்துகொள்ளத் தூண்டியவர், லேக் மார்க்கெட்டில் எங்கள் கடைக்கு வந்து உட்காரும் ஒரு பெரியவர். 1942-இல் சிறு பையனாக, பர்மாவின் ஹூகாங் பள்ளத்தாக்கு வழியே அஸ்ஸாமுக்கு நடந்தே வந்தவர். கூட நடந்த அக்கா வந்து சேரவில்லை. "மேல ஏரோப்ளேன் போச்சு தம்பி. கீழ விழுந்து கிடக்கிறவங்களை யாரு தேடுவா?" என்பார். அவர் இன்று இல்லை. நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன்; ஆயினும் அந்தக் கேள்விக்காகப் படித்ததை இங்கே சொல்கிறேன்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், சீனாவுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்த பர்மா சாலை அடைபட்டது. அதன் பிறகு எல்லாம் ஆகாய மார்க்கம்தான். கல்கத்தா துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, ரயிலில் பார்வதிபூர் வரை போய், அங்கே மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறி, அஸ்ஸாம் விமானத் தளங்களைச் சேரும். அங்கிருந்து மலைகளைத் தாண்டிச் சீனத்துக் குன்மிங். விமானிகள் அந்த மலைத்தொடருக்கு வைத்த பெயர் 'ஹம்ப்', அதாவது திமில். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 6.5 லட்சம் டன் சரக்கு இப்படிப் போனது. அதற்குக் கொடுத்த விலை சுமார் 600 விமானங்கள். மாண்டவரும் காணாமற்போனவரும் 1,600-க்கு மேல்.

ஆரம்பத்தில் விழுந்தவரைத் தேடத் தனி ஏற்பாடு கிடையாது. 1943 ஆகஸ்ட் 2 அன்று ஒரு சி-46 விமானம் நாகா மலைப் பகுதியில் விழுந்தது. துணை விமானி இறந்தார். வானொலிச் செய்தியாளர் எரிக் செவரைடு உட்பட 20 பேர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தனர். காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க டான் ஃப்ளிக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர், இரு உதவியாளர்களோடு தாமும் அந்தக் காட்டில் குதித்தார்! உணவும் இடமும் தந்து காத்தவர்கள் நாகா கிராமத்தார் என்பதையும் மறக்கக்கூடாது. பிறகு மொகோக்சுங்கிலிருந்து பிலிப் ஆடம்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நாகர்களோடு வந்து, எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போனார்.

அந்த வருஷமே சபுவா தளத்தில் 'பிளாக்கி' போர்ட்டர் என்பவர் தலைமையில் ஒரு தேடுதல் குழு உருவாயிற்று. 1943 டிசம்பர் 10 அன்று, தேடப் போன இடத்திலேயே அவர் உயிர் துறந்தார். ஆனால் வேலை நிற்கவில்லை. குழு பெரிதாகி மோகன்பாரியைத் தளமாகக் கொண்டது. ஹம்ப் பாதையில் விழுந்தவர்களில் சுமார் 1,200 பேர் உயிரோடு திரும்பினர்.

போருக்குப் பின் 1946-இல் அமெரிக்கா வான்மீட்புக்கென்றே ஒரு சேவையை அமைத்தது. அதன் வழியில், 1956-இல் ரிசர்வ் படையிலும் மீட்புப் பிரிவு வந்தது. ரிசர்வ் என்றால் பெரும்பாலும் நம்மைப்போல் வேலை வெட்டி பார்ப்பவர்கள்; பயிற்சிக்கும் ஆபத்துக்கும் கூப்பிட்டால் சீருடை போடுபவர்கள். 2005-இல் கத்ரீனா புயலின்போது, புளோரிடாவிலுள்ள 920-ஆவது ரிசர்வ் மீட்புப் பிரிவு ஆயிரம் பேருக்கு மேல் காப்பாற்றியது.

எங்கள் சமண மரபில் தானம் நான்கு: ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம். உணவு மூட்டையும் மருந்தும் போட்டு, கூடவே மனிதனும் குதித்தானே, அதுதான் அபய தானம். போர் செய்ய வந்த படைக்குள்ளேயே இப்படி ஒரு தர்மம் முளைத்தது எனக்கு வியப்பு.

சரி, பெரியவர் கேள்விக்கு என்ன பதில்? பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் இந்தியர் தப்பி வந்தனர். விமானங்கள் சில இடங்களில் உணவு போட்டன. தேயிலைத் தோட்டக்காரர்கள் முகாம் நடத்தினர். அப்படியும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். விமானம் வராவிட்டால், அதில் ஏறியவர் யார் யார் என்று பட்டியல் பார்த்துத் தேடினார்கள். நடந்து வந்த நம்மவர்க்கு ஏது பட்டியல்? பெயர் எழுதப்பட்டவனைத் தேட ஆள் போயிற்று. எழுதப்படாதவர் எண்ணிக்கையில்கூடச் சேரவில்லை.

இனி ஆகாயத்திலிருந்து அவர்களைத் தேட முடியாது. ஆனால் ஏட்டில் தேடலாம். உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர், வராமற்போனவர் யாரேனும் இருந்தால், பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். முதல் தாளில் அந்த அக்காவின் பெயரை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.